அன்பு விருந்தினரே

எழுத்து இருக்கும் எந்தப் பொருளையும் அம்மாவின் கையில் அதிக நேரம் இருக்க அவன் விட்டதில்லை. மருந்து டப்பாவோ, மின்கட்டண ரசீதோ, புது மிக்சி வந்த அட்டைப்பெட்டியோ, எதுவானாலும் சரி; அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தால் எங்கிருந்தோ வந்து நிற்பான். கையிலிருந்து வாங்கிக்கொள்வான். உதடு அசையாமல் முழுவதையும் படிப்பான். பிறகு, "ஒண்ணுமில்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அதில் என்ன எழுதியிருந்தது என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றெல்லாம் இல்லை. கொஞ்சம் மெதுவாகப் படிப்பாள், அவ்வளவுதான். பொறுமை இல்லாதது அவனுக்கு. அரைக்கால் சட்டை போட்ட வயதில் தொடங்கிய பழக்கம், வேலைக்குப் போகும் வயதிலும் விடவில்லை. வீட்டில் எல்லோரும் இதைப் பொறுப்பு என்று சொன்னார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவனுக்குப் பெயர் பட்டதாரி. தங்கை வைத்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் அவன்தான். இருந்த பணம் ஒருவர் படிக்கத்தான் போதும் என்றபோது, அந்த ஒருவர் யார் என்று யாரும் கூட்டம் போட்டு விவாதிக்கவில்லை. தங்கை மருந்துக்கடை கவுண்டருக்குப் போனாள். அண்ணனின் பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் முன்னறைச் சுவரில் ஏறியது. அதை அப்பா வாரம் தவறாமல் துடைப்பார். அவர் பேருந்து ஓட்டுநர். வேலையில் பேருந்தின் முன்கண்ணாடியையும் வீட்டில் இந்தக் கண்ணாடியையும் தவிர வேறெதையும் அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

"பட்டதாரி சார், தண்ணி கேன் தூக்கி வைக்கிறீங்களா, இல்ல அதுக்கும் மேல்படிப்பு படிக்கணுமா?" என்பாள் தங்கை.

"வாய் இருக்கே உனக்கு" என்பான் அவன். அவளுக்கு நாக்குத்தான் நீளம். சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்பதை அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

பட்டம் வாங்கிய பிறகு நிறைய நாள் அலைந்து, ஒரு வழியாக வேலை கிடைத்தது. மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு சின்ன நிறுவனம். வீட்டு விளக்கு, மின்விசிறி, வெந்நீர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கைபேசியிலிருந்தே இயக்கும் செயலி ஒன்றையும், அதற்கு ஏற்ற சுவிட்சுகளையும் அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் ஏறும்போது கீழே கடையில் ஆட்கள் மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் தினமும் அந்தக் காட்சியைக் கடந்து போவதே ஒரு தனிச் சோதனை.

பதவியின் பெயர் பயனர் அனுபவ வடிவமைப்பாளர். அப்பா அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பணிமனையில் சுருக்கமாக, "பையன் பட்டன் வரையறான்" என்று சொல்லிவிட்டார்.

"வரைஞ்சா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நடத்துநர்.

"வரைஞ்சா சம்பளம் தராங்க."

"பட்டனுக்கா?"

"பட்டனுக்குத்தான்."

அந்த நடத்துநர் அன்று முழுவதும் சில்லறை கொடுக்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

சம்பளம் தந்தார்கள்தான். ஆனால் வேலை நிரந்தரமில்லை. "முதல்ல ஒரு பெரிய வாடிக்கையாளர் நம்ம கைக்கு வரட்டும். அப்புறம் உன்னை நிரந்தரமாக்கறதப் பத்திப் பேசலாம்" என்று மேலாளர் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் சிரித்தால் நல்ல செய்தி, மிகவும் சிரித்தால் கெட்ட செய்தி. நிரந்தரம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்திலேயே, அது இருக்கிறது ஆனால் உனக்கில்லை என்ற மாதிரி ஒரு தொனி இருந்தது. அவனோ வீட்டில் அதைக் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டதாகவே சொல்லிவைத்திருந்தான். அப்பா அதை நம்பி, வேறு வீடு பார்ப்பது பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

அலுவலகத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண். தலைக்கு மேல் பெரிய கேள்விக்குறி. கீழே 'சாதாரண அம்மா' என்று எழுதியிருந்தது. இவளுக்குத் தொழில்நுட்பம் என்றால் பயம், திரையைத் தொடத் தயங்குவாள், சீக்கிரம் குழம்பிவிடுவாள் என்றெல்லாம் பக்கத்தில் குறிப்பு. எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி, "இது சாதாரண அம்மாவுக்குப் புரியுமா?" என்பதுதான். அந்த அம்மாவை நேரில் பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அவனும் பார்த்ததில்லை. அவனுடைய அம்மா குழந்தைகள் காப்பகத்தில் பாதி நாள் வேலை பார்ப்பவள். தங்கை கழித்துப்போட்ட பழைய கைபேசியில் தன் அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தால், அந்தச் செய்தி முடிவதற்குள் துணி காய்ந்துவிடும். பயமா? அந்தக் கைபேசிதான் அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டும். இருந்தாலும் கூட்டத்தில் அவனும் மற்றவர்களைப் போலவே நெற்றியைச் சுருக்கி, "அம்மாக்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்பான். அவன் அப்படிச் சொல்லும்போது மேடம் தலையசைப்பார். தலையசைப்பு கிடைக்கும் பேச்சு எது என்பதைப் படிப்பு அவனுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தது.

சுவிட்ச் செய்பவள் சர்க்யூட் அக்கா. வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. மற்றபடி உறவு ஒன்றும் இல்லை, சண்டைதான் உண்டு. திரையில் அவன் வரைவதும் சுவரில் அவள் பொருத்துவதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை.

"உன் திரையில விளக்கு எரிஞ்சா மஞ்சள் புள்ளி. என் சுவிட்ச்ல பச்சைப் புள்ளி. எது அண்ணன், எது தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

"மஞ்சள்தான் இதமா இருக்குக்கா."

"இதமா இருக்கும். ஆனா வாங்கி வச்சிருக்கிற புள்ளி எல்லாம் பச்சை. இதத்தை நீ போய் வாங்கிட்டு வா."

புள்ளியின் நிறத்துக்குப் பல கூட்டங்கள் நடந்தன. விளக்குக்கு எந்தப் படம் போடுவது என்பதற்கு அதைவிட அதிகம். குண்டு பல்பு இப்போது எந்த வீட்டிலும் இல்லை, ஆனால் குண்டு பல்பை வரையாவிட்டால் யாருக்கும் அது விளக்கென்று தெரியவில்லை. ஈரக் கையோடு தொட்டால் கண்ணாடிச் சுவிட்சு வேலை செய்யவில்லை என்று அக்காவே கண்டுபிடித்து, ஓரத்தில் ஒரு மேடு வைத்தாள். அந்த மேட்டை அவன் திரையிலும் வரைந்தான். திரையில் மேடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அழகாக இருந்தது.

இப்படி எல்லாரும் புள்ளியில் மூழ்கியிருந்தபோது, வெளியாட்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அவன் தனியாகவே தீர்த்து வைத்தான். வந்தவர்கள் கண்டதையும் அமுக்கி மோட்டாரைப் போட்டுவிட்டால்? எனவே வீட்டில் இருப்பவர்களை மூன்றாகப் பிரித்தான். வீட்டுக்காரர் ஒருவர், அவருக்கு எல்லா உரிமையும். சொந்தக் கைபேசி எண் உள்ள மற்றவர்கள் உறுப்பினர்கள். எண் இல்லாதவர் விருந்தினர். விருந்தினர் முன்னறை விளக்கைப் போடலாம், விசிறியைச் சுழற்றலாம். சமையலறை, மோட்டார், ஹீட்டர் போன்ற ஆபத்தான இடங்களுக்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். மறுக்கும்போது மனம் புண்படக் கூடாது என்பதற்காக, செயலி முதலில் 'அன்பு விருந்தினரே' என்று விளிக்கும். அந்த 'அன்பு'க்கு அவன் மிகவும் மெனக்கெட்டான். 'மதிப்புமிகு' என்று போட்டுப் பார்த்தான், வங்கிக் கடிதம் மாதிரி இருந்தது. 'இனிய' என்று போட்டால் வாழ்த்து அட்டை. கடைசியில் அன்பே வென்றது.

மேடம் படித்துவிட்டு, "கண்ணியமா இருக்கு" என்றார். அன்று அவன் படிக்கட்டில் இறங்கும்போது மெத்தைகளைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பெரிய வாடிக்கையாளர் வாசலுக்கு வந்தார். அடுக்குமாடி கட்டும் முதலாளி. புதிதாகக் கட்டும் குடியிருப்பு முழுக்க இதைப் பொருத்தலாமா என்று யோசிக்கிறார். ஆனால் அலுவலகத்து மேசையில் வைத்துக் காட்டும் வித்தையெல்லாம் அவருக்கு வேண்டாமாம். சாதாரணக் குடும்பம் வசிக்கும் வீட்டில், சாதாரண மனுஷி பயன்படுத்திக் காட்ட வேண்டுமாம்.

கூட்டத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பலர் விடுதி அறைகளில் இருந்தார்கள். சர்க்யூட் அக்கா தனியாக இருந்தாள். மேடத்தின் வீடு சாதாரணம் இல்லை. கடைசியில் எல்லாப் பார்வையும் அவனிடம் வந்து நின்றது. மேடம் மிகவும் சிரித்தார்.

"உங்க வீடுதான் சரியா இருக்கும். உங்க அம்மா இருக்காங்கல்ல? அவங்களே போட்டுக் காட்டட்டும். இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா, உன் விஷயத்தையும் முடிச்சிடலாம்."

பேசி முடிப்பதற்குள் அவன் சரி என்று சொல்லிவிட்டான். நிரந்தரம் அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றபோது, நம் வீடு எந்த விதத்தில் இவர்களுக்குச் சாதாரணம் என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மட்டும் கேட்டிருப்பானா என்ன?

அக்கா வந்து வீடு முழுக்கச் சுவிட்சுகளைப் பொருத்தினாள். சமையலறையில் மட்டும் பழைய சுவிட்சையும் விட்டுவைத்தாள். புதியது தகராறு செய்தால் ஆபத்துக்கு உதவும். அவன் செயலியைத் தொடங்கினான். 'வீட்டுக்காரர் பெயர்' என்று அவன் வரைந்த கட்டமே அவனைக் கேட்டது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எந்த விண்ணப்பத்திலும் முதல் வரியில் எழுதிய பெயரையே யோசிக்காமல் எழுதினான்: அப்பாவின் பெயர். தன்னையும் தங்கையையும் உறுப்பினராக்கினான். அம்மாவின் கைபேசியில் எண் கிடையாது, வீட்டு வைஃபை மட்டும்தான். "நான் எங்க போகப் போறேன், என்னைத் தேடுறவங்க உங்கப்பா நம்பருக்குப் பேசட்டும்" என்று அவள்தான் எப்போதோ வேண்டாம் என்றிருந்தாள். செயலி அவளை அலசி ஆராய்ந்து பார்த்து, விருந்தினர் என்று முடிவு செய்தது. அம்மா ஏதோ கேட்க வந்தாள். கைபேசியை அவள் கையிலிருந்து வாங்கி, அவனே எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' அமுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாளே பணிமனையில் அப்பாவின் கைபேசி பேச ஆரம்பித்தது. அப்பா அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

'உங்கள் விருந்தினர் சமையலறை விளக்கைப் போட விரும்புகிறார். அனுமதிக்கிறீர்களா?'

"வீட்டுக்கு யாருண்ணே வந்திருக்காங்க?" என்றார் நடத்துநர், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

அப்பா கண்ணைச் சுருக்கிப் படித்தார். "யாரும் வரலியே. எம் பொண்டாட்டிதான்."

"அவங்க விருந்தாளியா?"

"பையன் அப்படித்தான் போட்டிருக்கான். படிச்ச பையன், காரணம் இருக்கும்."

அப்பா அனுமதித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சமையலறை விளக்கை ஒருமுறைகூடப் போட்டிராத மனுஷன், முதல்முறையாக அதைப் போட்டார்; அதுவும் ஊரின் மறுகோடியிலிருந்து. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும், "என்ன, வெளிச்சம் போதுமா இருந்துச்சா?" என்று கேட்டார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தச் செயலியிலும் பட்டன் கிடையாது.

அவனிடம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "டேய் தம்பி, நான் விருந்தாளியாம்டா. விருந்தாளின்னா உக்கார வச்சு சாப்பாடு போடுவாங்கல்ல? நாளைலேருந்து நான் உக்காந்துக்கறேன், நீங்க போடுங்க."

தங்கை விடுவாளா? "பாத்தியாம்மா, பட்டம் வாங்கின உடனே உன்ன வெளிய அனுப்பிட்டான்."

"அது வெறும் பேருதான்மா. அடுத்த தடவ மாத்திடறேன்" என்றான் அவன். மாற்றுவது பெரிய வேலையும் இல்லை. ஆனால் புள்ளியின் நிறம் இன்னும் முடிவாகவில்லை, அந்த மேட்டின் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார், முதலாளி வருவதற்குள் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். அம்மா என்ன செய்தாள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. பழைய சுவிட்சு இருந்தது. பாத்திரம் கழுவிய ஈரத்தோடு புறங்கையால் அதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்; மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் மகளைக் கூப்பிட்டாள். விஷயம் அப்படியே அமுங்கிப்போனது. அவன் ஒத்திகை பார்த்ததெல்லாம் தன் கைபேசியில், அப்பாவின் பெயரில் நுழைந்துதான். வீட்டுக்காரருக்கு அந்த வீடு தங்குதடையின்றித் திறந்தது. வீட்டுக்காரராக இருந்துகொண்டு பார்த்தால் எந்த வீடும் பயன்படுத்த எளிதாகத்தான் இருக்கும் போலும்.

முதலாளி வரும் நாளன்று காலையில் மேடம் முன்னதாகவே வந்து சுற்றிப் பார்த்தார். சமையலறையில் பழைய சுவிட்சைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இது எதுக்கு? நம்மளையே நாம நம்பலங்கற மாதிரி இருக்கே."

அக்கா அதைக் கழற்றி எடுத்து, ஓட்டையை ஒரு வெள்ளைத் தகட்டால் மூடினாள். "ஹீட்டருக்கும் சேத்துச் சொல்றேன், ஒரு தடவ எல்லாத்தையும் அம்மா கையில குடுத்துப் பாத்துரு" என்றாள் அவனிடம்.

"நான் நூறு தடவ பாத்துட்டேன்கா."

"நீ பாத்த. அம்மா பாத்தாங்களா?"

அதற்குள் மேடம் கூப்பிட்டார். சான்றிதழ்ச் சட்டம் சுவரில் கோணலாக இருக்கிறதாம்.

முதலாளி மாலை மங்கும் நேரத்தில் வந்தார். கைக்கடிகாரம் சுவர்க்கடிகாரம் அளவுக்கு இருந்தது. குரலும் அதே அளவு. நாற்காலியில் உட்காராமல், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கட்டிடம் கட்டுபவருக்குச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். அப்பா பணியில் இருந்தார். வண்டி ஓட்டும்போது கைபேசியை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய வேலையின் சட்டம். அது அவனுக்கும் தெரியும். எத்தனையோ விஷயம் தெரிந்தவன் அவன்.

"வாங்கம்மா, நீங்களே போட்டுக் காட்டுங்க" என்றார் மேடம், குழந்தையிடம் பேசும் குரலில்.

அம்மா கைபேசியை எடுத்தாள். முன்னறை விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. அக்கா கடைசி நேரத்தில் மாற்றிப் போட்ட புள்ளி சுவிட்சில் மஞ்சளாக ஒளிர, திரையிலும் அதே மஞ்சள். அண்ணனும் தம்பியும் அச்சு அசலாக இருந்தார்கள். முதலாளி, "அட" என்றார். மேடம் சிரித்தார், அளவாக. அவன் மனதுக்குள் நிரந்தரம் மேளம் கொட்டியது.

"சமையலறை?" என்றார் முதலாளி.

ஜன்னல் இல்லாத அறை அது. எல்லோரும் வாசலில் நின்று இருட்டைப் பார்த்தார்கள். அம்மா தயங்கவில்லை, குழம்பவில்லை. எந்தப் படத்தைத் தொட வேண்டுமோ அதையே தொட்டாள். கைபேசி அவன் எழுதிக்கொடுத்த சொற்களை, அவன் தேர்ந்தெடுத்த இனிய குரலில் சொன்னது:

'அன்பு விருந்தினரே, இந்த அறைக்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவை. கேட்டிருக்கிறோம். சற்றுப் பொறுத்திருங்கள்.'

அறை வெளிச்சமாகவில்லை.

"யாரு விருந்தினர்?" என்றார் முதலாளி.

அக்கா சுவரில் இருந்த புதிய சுவிட்சை அமுக்கிப் பார்த்தாள். அனுமதி வரும்வரை அதுவும் செயலியின் பேச்சைத்தான் கேட்கும். அவ்வளவு கச்சிதமான பொருத்தம். பிறகு அவள் அவனைப் பார்த்தாள். மேடமும் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சொல்ல வேண்டியது ஒரே வரி: அம்மா சரியாகத்தான் அமுக்கினாங்க, நான்தான் தப்பாக வரைந்துவிட்டேன். வாயைத் திறந்தான். அந்த வரிக்கு அந்தப் பக்கம் நிரந்தரம் இருக்காது என்று ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடியது. தன் கைபேசியை எடுத்து அப்பா பெயரில் திறந்துவிடலாம் என்றால், அப்போதும் ஏன் என்ற கேள்வி வரும். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டென்று கைபேசியைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்துப் பெண்ணாகவே மாறிப்போனாள். அந்தப் படத்தை அவள் பார்த்ததுகூட இல்லை.

"ஐயோ, நான்தான் சார் எதையோ தப்பா அமுக்கிட்டேன். எனக்கு இதெல்லாம் எங்க சார் தெரியுது? பையன் எத்தனையோ தடவ சொல்லிக் குடுத்தான், மண்டையில ஏறல."

முதலாளி ஒரு நொடி பார்த்தார். பிறகு அந்த இருட்டுச் சமையலறை அதிரச் சிரித்தார்.

"அடடா, இதுதான்யா வேணும்! தெரியாதவங்க தொட்டாத் திறக்கல பாருங்க. நாளைக்கு என் குடியிருப்புல வேலைக்கு வர்றவங்க, வாடகைக்கு இருக்கறவங்க, யாராவது கண்டதையும் அமுக்கினா? இந்தப் பூட்டு பிரமாதம்."

மேடம் ஒரு மூச்சுக்கூட வீணாக்கவில்லை. "அதுக்காகத்தான் சார் அப்படி வச்சிருக்கோம். பாதுகாப்பு. எங்க வடிவமைப்பாளர் தன் சொந்த அம்மாவுக்கே விதிவிலக்கு குடுக்கல பாருங்க."

"நல்ல பையன்" என்றார் முதலாளி, அவன் முதுகில் தட்டி.

அவன் அசடு வழிந்தான். வாய் அப்போதுதான் மூடியது.

குடியிருப்பு முழுக்கப் பொருத்த ஒப்பந்தம் ஆனது. அவன் நிரந்தரமானான். மேடம் அந்த வாரமே ஆணையைக் கொடுத்தார், சொன்ன சொல் தவறாதவர். வாடகைக்கு இருப்பவர்கள் ஹீட்டரைப் போட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும் ஏற்பாடு ஊருக்கே பிடித்துப்போனது. வீட்டுக்காரர்களுக்கு, என்று திருத்திக்கொள்ளலாம். வாடகைக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவனும் வாடகை வீட்டில்தான் இருந்தான் என்பது வேறு விஷயம். அலுவலகத்தில் அந்த வசதிக்கு ஒரு செல்லப் பெயர் வந்துவிட்டது: அம்மா பூட்டு. யாரிடம் செயலியைக் காட்டினாலும் மேடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்: "எங்க வடிவமைப்பாளரோட அம்மாவாலயே இதத் திறக்க முடியல, தெரியுமா?" எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் அங்கே நின்றுகொண்டிருப்பான். சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது.

வீட்டில் அவன் செய்ய வேண்டியதை உடனே செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சொந்த எண் வாங்கிக் கொடுத்தான். அவளையே வீட்டுக்காரராக மாற்றினான். செயலி, 'வாருங்கள், வீட்டுக்காரரே' என்றது.

"அப்போ உங்கப்பா இப்ப யாரு?" என்றாள் அம்மா.

"உறுப்பினர்மா."

"பாவம், மனுஷனுக்குப் பதவி போச்சே" என்று சிரித்தாள். அன்றைய இருட்டுச் சமையலறையைப் பற்றி அவள் பேசவில்லை. அவன் பேசுவான் என்று காத்திருந்ததாகவும் தெரியவில்லை. அதுதான் அவனுக்கு வசதியாகவும் இருந்தது, முள்ளாகவும் இருந்தது. புது எண்ணும் புது உரிமையும் கொடுத்துவிட்டோமே, போதாதா என்று அவனே கேட்டுக்கொள்வான். போதும் என்று அவனே பதிலும் சொல்லிக்கொள்வான். கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே ஆளாக இருந்தால் தேர்வு எளிதுதான்.

தங்கை மட்டும் ஒருநாள் கேட்டாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. "அம்மா தப்பா அமுக்கினாங்களாண்ணா?"

"இல்ல."

"இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

நிறுவனம் ஆண்டு விழா கொண்டாடியது. வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில், குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, தங்கைக்குக் கடை. அம்மா மட்டும் இருப்பதிலேயே நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள். சர்க்யூட் அக்கா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மேடம் மேடையில் பேசிக்கொண்டே வந்து, திடீரென்று கையை நீட்டினார்.

"நம்ம பூட்டைத் திறக்க முடியாத அம்மா, இதோ, இவங்கதான்! மேல வாங்கம்மா."

கூடமே கைதட்டியது. அம்மா படியேறிப் போனாள். ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தார்கள். அவர்கள் தயாரித்த சுவிட்சுதான் உள்ளே. அக்கா மட்டும் கைதட்டாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அவனையும் மேலே அழைத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்.

அந்த வரி அவனிடம் தயாராகவே இருந்தது. வேலை நிரந்தரம், இனி யாரும் பிடுங்க முடியாது. எதிரே நிறைய முகங்கள். பக்கத்தில் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா. அவன் மேடத்துக்கு நன்றி சொன்னான். முதலாளிக்கு நன்றி சொன்னான். அக்காவுக்குச் சொன்னான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். முதல் வரிசையில் யாரோ புன்னகையோடு காத்திருந்தார்கள்.

"எங்கம்மா மட்டும் அன்னிக்கு ஒழுங்கா அமுக்கியிருந்தா, இன்னிக்கு நான் இங்க நின்னிருக்க மாட்டேன்" என்றான்.

கூடம் வெடித்துச் சிரித்தது. மேடம் அளவுக்கு மீறிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள், "நல்லாத்தான்டா பேசின. எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்க பாத்தியா" என்றாள். பெட்டி அவள் மடியில் இருந்தது. அவன் மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்து இருக்கை காலியானது. "உக்காருடா" என்று இடம் விட்டாள். உட்கார்ந்தான். இறங்கும் நிறுத்தம் வரை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ பேருந்துகளில் இருவரும் சேர்ந்து போயிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை அவன் அவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை.